தண்டையார்பேட்டையா, பினாங்கா, சியாங் மாயா? இணையத்தில் சிறு தொழில் செய்பவர் எங்கே குடியிருப்பது

வெளிநாட்டில் எளிமையாக வாழ்ந்துகொண்டே இணையத்தில் சிறு தொழில் நடத்துவது என்ற யோசனை, லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் வாடகை கட்டி மாளாதவர்களிடம் முதலில் பரவியது. அங்கே ஓர் அறைக்குக் கொடுக்கும் மாத வாடகையில், தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் வாடகை, சாப்பாடு, இணையம் எல்லாம் சேர்த்து ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். வருமானம் டாலரிலோ பவுண்டிலோ வந்துகொண்டிருக்கும். மிச்சப் பணம், தொழில் காலூன்றும்வரை கைகொடுக்கும். அந்தக் கணக்கை அப்படியே வாங்கிக்கொண்டு வடசென்னையில் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் பலர் இப்போது பயணத் திட்டம் போடுகிறார்கள். நாம் புறப்படும் இடம் வேறு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. பெற்றோர் வீட்டில் வாடகையின்றி இருப்பவரோ, பத்தாயிரம் ரூபாய் வாடகையில் இருப்பவரோ எந்த வெளிநாட்டு நகரத்துக்குப் போனாலும் அவருடைய மாதச் செலவு ஏறவே செய்யும். ஆகவே சிக்கனம் நமக்குக் காரணமாக இருக்க முடியாது. வேறு என்ன காரணத்துக்காகப் போகிறோம், அந்தக் காரணம் கூடுதல் செலவுக்கு ஈடாகுமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இணையதளம் அமைத்துத் தருவது, கணக்கு எழுதுவது, காணொளிக்கு வசனவரி போடுவது, பாட வரைவுகளை விற்பது போன்ற வேலைகளில் மாதம் ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ரூபாய்வரை வரத் தொடங்கியிருக்கும் வடசென்னைக்காரர் ஒருவரை மனத்தில் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அவர் முன்னால் உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன: வீட்டிலேயே இருப்பது, இதே பகுதியில் தனியாக ஓர் அறை எடுப்பது, மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போவது, சியாங் மாய்க்குப் போவது. மற்ற ஊர்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். வடசென்னையில் பெரும்பாலான வீடுகள் ஒரு ஹால், ஒரு கிச்சன், கூடிப்போனால் ஒரு படுக்கையறை என்ற அளவிலேயே இருக்கின்றன. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு ஏழரை, கோடையில் மாலை ஆறரை. வேலை முடிந்து அப்பா வீடு திரும்பி, தங்கை புத்தகத்தை விரித்து, தொலைக்காட்சியில் தொடர் ஓடி, குக்கர் விசில் அடிக்கும் நேரமும் அதுதான். வாடிக்கையாளர் பேச வரும் வேளையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு பேசும் பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். கீழே தண்ணீர் லாரி வந்து நின்றால் குடங்களின் சத்தம் அழைப்புக்குள் புகுந்துவிடும். பணச் செலவு இல்லாத இந்த வழியில் செலவாவது இடையூறில்லாத நேரம். ஒரு தொழிலை வளர்க்க முதல் இரண்டு ஆண்டுகளில் பணத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவதும் அதுவே என்பதால், வீட்டிலிருப்பது செலவில்லாத வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பகல் நேரத்துக்கு ஒரு மாற்று வந்திருக்கிறது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில், படிக்கும் இடத்தோடு பகிர்ந்த பணியிடமும் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். தனியார் பணியிடங்கள் பெரும்பாலும் கிண்டி, தரமணி, பழைய மகாபலிபுரம் சாலை என்று தெற்கே குவிந்திருக்கும் நகரத்தில், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஐரோப்பிய வாடிக்கையாளர்களோடு மட்டும் வேலை செய்பவருக்கு, லண்டனில் காலை ஒன்பது மணி என்பது நமக்குப் பிற்பகல் இரண்டரையோ ஒன்றரையோ ஆவதால், வீடும் படைப்பகமும் சேர்ந்தே போதுமானவை. அமெரிக்க வாடிக்கையாளரை வைத்திருப்பவருக்கு இரவு நேரச் சிக்கல் தீராது.

ஆகவே இரண்டாவது வழி, பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் தனியாக ஓர் அறை. ஒற்றை அறையும் சிறு சமையலறையும் உள்ள மாடிப் போர்ஷனை எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் தேடிப் பிடிக்கலாம். முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் உண்டு என்பதால், சட்டத்தை எடுத்துச் சொல்லிப் பேரம் பேசும் துணிவு வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை நீண்டபிறகு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து அறைகளும் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டன. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அரை மணி நேரத்தில் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடலாம். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது இதற்கு ஒரு விலை போடவேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. வயதான பெற்றோர் உள்ளவர்கள் கட்டாயம் போடவேண்டும்.

இங்குள்ள குறைகளையும் மறைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மின்சாரமும் இணையமும் இல்லாமல் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பதில்கூடச் சொல்ல முடியாமல் போனவர்கள் உண்டு. அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். அறை எடுப்பவர் தரைத்தளத்தைத் தவிர்ப்பதும், ஒயர் இணைப்போடு வேறு நிறுவனத்தின் செல்பேசி இணைப்பு ஒன்றையும் வைத்துக்கொள்வதும், இன்வெர்ட்டர் உள்ள வீடா என்று கேட்பதும் வாடகையைவிட முக்கியம்.

வெளிநாடு என்றதும் வரி மிச்சம் என்ற பேச்சு உடனே வரும். நம் வருமான அளவில் அது கானல்நீர். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட குறிப்பிட்ட தொழில்களைச் செய்பவர், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியையே வருமானமாகக் காட்டவும் வழியுண்டு. மாதம் அறுபதாயிரம் சம்பாதிப்பவருக்கு இங்கே வரி சுழியம். ஜார்ஜியா நாட்டில் சிறுதொழில் பதிவு செய்தால் வரவில் ஒரு விழுக்காடுதான் வரி என்று வியந்து பேசுகிறவர்கள், ஒன்று சுழியத்தைவிடப் பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் விசா இல்லாமல் ஓராண்டு தங்கலாம் என்ற சலுகையும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. மேற்கத்தியர் எழுதும் அறிவுரைகளில் பாதி, பாஸ்போர்ட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்த உடனே நமக்குப் பயன்படாமல் போகும். மேலும், ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருப்பவர் இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார். வெளியூரில் இருந்தபடி ஈட்டியதையும் இங்குதான் கணக்கில் காட்டவேண்டும். மூன்று மாதம் போய்வருபவருக்கு வரியில் எதுவும் மாறாது. வங்கிக் கணக்கையும் மாற்ற வேண்டியதில்லை.

பணம் வரும் பாதையை இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும். வெளிநாட்டுப் பணத்தை இணையத்தில் பெற உதவும் பேபால் சேவையில், இந்தியக் கணக்குக்கு வரும் டாலரை அங்கேயே வைத்திருக்க முடியாது. அது ரூபாயாகி நம் ஊர் வங்கிக் கணக்கில் வந்து விழும். சியாங் மாயில் இருப்பவர் அந்த ரூபாயை மறுபடி தாய்லாந்துப் பணமான பாட் ஆக மாற்ற வேண்டும். வங்கி அட்டையில் எடுத்தால் மாற்றுக் கட்டணமாக நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் போகும் அட்டைகள் பல. போதாக்குறைக்குத் தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடித்தம் செய்வார்கள். ஆக, டாலர் ரூபாயாகி, ரூபாய் பாட் ஆகி, இரண்டு இடத்திலும் கழிவு கொடுத்தபிறகே கைக்கு வருகிறது. இதற்கெல்லாம் அடிப்படையாக இருப்பது நம் சிம் கார்டு. வங்கியின் ஓடிபி வராவிட்டால் எந்தப் பணமும் அசையாது. புறப்படும் முன் நீண்ட செல்லுபடியுள்ள ரீசார்ஜ் செய்து, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமாறு அமைத்து, இரண்டு சிம் போடக்கூடிய போனில் அதை எப்போதும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். வீட்டில் அண்ணனிடம் சிம்மைக் கொடுத்துவிட்டுப் போய், ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரை எழுப்பிக்கொண்டிருப்பது நடைமுறைக்கும் ஒத்துவராது, பாதுகாப்பும் இல்லை.

இனிப் பினாங்கு. நான்கு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடசென்னைக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள உறவு புதிதன்று; ராஜுலா போன்ற கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடின. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஜார்ஜ் டவுனின் குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரில் உள்ள நினைவிடமும், தமிழில் பேசிச் சாமான் வாங்கக்கூடிய கடைகளும் இருக்கும் ஊரில், முதன்முறை வெளிநாட்டில் தங்குபவர் தனித்துப்போய்த் தவிக்க மாட்டார். தனிமை தொழிலைக் கெடுக்கும் என்பதை, வெளிநாடு போய் இரண்டாம் மாதமே திரும்பி வந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

செலவைப் பார்த்தால், பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கு 600 முதல் 900 ரிங்கிட்வரை, அதாவது நம் பணத்தில் சுமார் 13,000 முதல் 20,000 ரூபாய்வரை ஆகும். சாப்பாடு, போக்குவரத்து, பயணக் காப்பீடு, விமானக் கட்டணத்தின் பங்கு எல்லாம் சேர்த்தால் எளிமையாக வாழ்ந்தாலும் மாதம் 50,000 ரூபாய்க்குக் கீழே இறங்குவது கடினம். அறுபதாயிரம் சம்பாதிப்பவருக்கு மிஞ்சுவது கூடிப்போனால் பத்தாயிரம்தான். நேரக் கணக்கும் யாருக்கு வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நியூயார்க்கின் காலை ஒன்பது அங்கே இரவு ஒன்பதோ பத்தோ ஆகிவிடும். ஆஸ்திரேலிய வாடிக்கையாளர் உள்ளவருக்கோ அது வரம், ஏனெனில் சிட்னியில் காலை ஒன்பது மணிக்கு அழைத்தால் சென்னையில் விடியற்காலை நாலரையோ மூன்றரையோ ஆக இருக்கும், பினாங்கில் ஏழு மணியோ ஆறு மணியோ ஆகியிருக்கும்.

அனுமதி விஷயத்தில் இரண்டு படிகள் உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். இது சுற்றுலாவுக்கான அனுமதி, தொழில் செய்ய உரிமை தருவதில்லை. இணையத்தில் வேலை செய்துகொண்டு வாழ்வதற்கென்றே 2022 அக்டோபரில் டிஇ ரந்தாவ் என்ற அனுமதியை அந்நாடு தொடங்கியது. மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுவரை கிடைக்கும், மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம்; ஆனால் தொழில்நுட்பத் துறையினர் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேலும், பிற துறையினர் 60,000 டாலருக்கு மேலும் வருமானம் காட்ட வேண்டும். 24,000 டாலர் என்றால் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். இங்கே இருந்து சேவை வழங்குபவர் ஜிஎஸ்டி பதிவு செய்யவேண்டிய எல்லையும் ஏறத்தாழ அதே தொகைதான். ஆகவே அந்த அனுமதிக்குத் தகுதி பெறும் அளவுக்கு வளர்ந்தவர், ஏற்றுமதிச் சேவைக்கு வரியில்லாமல் பில் போட உதவும் உறுதிமொழிப் பத்திரம் உட்படத் தம் காகிதங்களை எல்லாம் முன்பே ஒழுங்கு செய்திருக்க வேண்டும்.

செலவு கூடினாலும் பினாங்கைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 20 லட்சம் பேர், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அங்கே நடக்கின்றன. தமிழ்க் குழந்தைகளுக்கான பாட வரைவு, விளையாட்டுச் செயலி, திருமண அழைப்பிதழ் வடிவமைப்பு போன்றவற்றை விற்க நினைப்பவர், அந்தப் பெற்றோர் எப்படிப் பேசுகிறார்கள், எதற்குப் பணம் கொடுக்கிறார்கள், எதை வேண்டாம் என்கிறார்கள் என்பதை ஒரு மாதம் அங்கே இருந்து கவனித்தால் கற்றுக்கொள்ளும் அளவை, இங்கிருந்து ஓராண்டு ஊகித்தாலும் எட்ட முடியாது. சந்தையைக் கற்பதற்காகப் போகும் பயணத்துக்கு 50,000 ரூபாய் செலவழிப்பது வீணாகாது. வெறும் இடமாற்றத்துக்காகச் செலவழித்தால் வீண்.

சியாங் மாய் நகரில் வெளிநாட்டு இணையத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகக் கூடியிருப்பதால், வேகமான இணையம், பணியிடங்கள், மாத வாடகைக்கு எளிதில் கிடைக்கும் அறைகள் எல்லாம் பழகிய ஏற்பாடுகளாகிவிட்டன. அறை வாடகை நம் பணத்தில் இருபதாயிரத்தைச் சுற்றி இருக்கும். தொலைவேலை செய்பவர்களுக்கும் தாய்லாந்து தரும், 2024 ஜூலையில் தொடங்கிய டிடிவி (DTV) விசா, 10,000 பாட் கட்டணத்தில் ஐந்தாண்டுக்குச் செல்லும், ஒவ்வொரு நுழைவிலும் 180 நாள் தங்கவிடும் என்பதால் அனுமதி அளவில் இதுவே மிகவும் தாராளமானது. அதற்கு 5 லட்சம் பாட் கையிருப்பு காட்டவேண்டும். ரூபாயில் 13 லட்சத்துக்கு மேல். அவ்வளவு பணம் சேமித்திருப்பவர் வடசென்னையில் அரிது; கடன் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது என்ற யோசனையை யாரும் கேட்க வேண்டாம். ஓர் ஆண்டில் 180 நாள் அங்கே இருந்தால் அந்நாட்டு வரிக்கு உட்பட்டவராவோம் என்பதையும், 2024 முதல் வெளிநாட்டில் ஈட்டி அங்கே கொண்டுவரும் பணத்துக்கும் வரி உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை வயலும் காடும் எரியும் புகை அந்நகரைச் சூழ்ந்து, உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் வரிசையில் அதைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். மணலியின் காற்றுக்குத் தப்பி அங்கே போகிறேன் என்பவர் மாதத்தைப் பார்த்துப் போகவேண்டும்.

மற்ற ஊர்களை விட்டுவிட்டதற்குக் காரணம் இதுதான். வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் மின்விசா தருகிறது, செலவும் குறைவு. ஆனால் அங்கே இணையத் தொழிலாளருக்கென்று தனி அனுமதி கிடையாது. பாலித் தீவில் தொலைவேலை அனுமதிக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் வருமானம் கேட்கிறார்கள். நம் கணக்குக்கு அது எட்டாத உயரம்.

தொழிலின் தன்மையே பல நேரம் முடிவைச் சொல்லிவிடும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றபிறகு, ஸ்ட்ரைக்கர், காய், பலகை ஆகியவற்றை வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இணையத்தில் விற்கலாமே என்று என்னிடம் கேட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பலகையின் மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டவும், ஸ்ட்ரைக்கரின் வழவழப்பைக் கையில் உருட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும், தபால் நிலையத்தில் ஏற்றுமதிப் படிவம் கொடுக்கவும் ஆள் இங்கே இருந்தாக வேண்டும். எம்.சி. ரோடு துணியோ சௌகார்பேட்டைக் கவரிங் நகையோ விற்பவருக்கும் இதே நிலைதான். பொருள் விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால், தரம் பார்க்கும் கண் ஊரில் இல்லாமல் போகும். அவருக்கு வீடோ பக்கத்து அறையோ தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். நாமே நம் தொழிலை எடுத்துக்கொண்டு போவது வேறு, ஏஜென்ட் ஒருவர் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப் போவது வேறு. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பி விமானமேறிய தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்ட சிலர் அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். டிக்கெட், தங்குமிடம், சம்பளம் எல்லாம் தருகிறோம், சுற்றுலா விசாவில் வாருங்கள் என்று யார் சொன்னாலும், அது இந்தக் கட்டுரை பேசும் வழிகளில் சேராது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் எடுத்த பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும்; அப்படிப்பட்டவர் வேலைக்குச் செல்ல முன் அனுமதி பெறவேண்டிய 18 நாடுகளில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் உண்டு. சான்றிதழ் இருந்தும் அந்தக் குறிப்போடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர், டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைத் திருத்தி வாங்கிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் எடைபோட்டு, மாதம் அறுபதாயிரம் அளவில் இருப்பவர் முதலில் பெரம்பூரிலோ கொளத்தூரிலோ ஓர் அறை எடுக்கவேண்டும் என்றே சொல்வேன். வெளிநாட்டில் அவர் தேடுவதில் பெரும்பகுதி, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறைதான்; அது இங்கே பத்தாயிரத்துக்குக் கிடைக்கிறது. வருமானம் லட்சத்தைத் தொட்டு, ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பும் சேர்ந்தபின், தமிழ்ச் சந்தையை நோக்கிய தொழில் என்றால், வேலையை இங்கேயே முடித்து வைத்துவிட்டு, அந்த மக்களைக் கண்டு கேட்க 30 நாள் பினாங்குக்குப் போய்வரலாம். ஆண்டு வருமானம் 24,000 டாலரைத் தாண்டிய தொழில்நுட்பத் துறையினர், முறையான அனுமதியோடு அங்கே ஓராண்டு தங்கிப் பார்க்கலாம். சியாங் மாய், வீட்டுப் பொறுப்பு இல்லாத, சேமிப்பு நிறைந்த சிலருக்கே பொருந்தும். அவர்கள் நவம்பர் நடுவில் புறப்பட்டு ஜனவரி முடியும் முன் திரும்பினால், இங்கே வெள்ளம் வரும் மாதங்களில் பாதியைத் தவிர்க்கலாம், அங்கே புகை தொடங்கும் முன்னும் கிளம்பிவிடலாம். நுழைவுச் சலுகைகள் நாள் குறித்து வருபவை, எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியவை; டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வதோடு, மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டிய வருகை அட்டையையும் மறக்காமல் நிரப்பிக்கொள்ளவும்.